லெவாஷ்னி வாய் திறந்த விதம்

கிளினிக்கில் சிஸ்டர் சுங்கு
அட்டைப் புத்தகத்தில் ஒரு கோடு இழுத்து
"ஆறு மாதம் ஆயிற்று, இனித் தொடங்கு" என்றாள்,
ஏதோ சுவிட்சைத் தட்டச் சொல்வது போல.
இந்த ஊரில் சுவிட்சைத் தட்டினாலும்
எதுவும் தொடங்காத வேளைகள் உண்டென்று
அவளுக்கும் தெரியும்.

கெரிஷாவுக்கு இரவு டியூட்டி.
அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு
சாட்ஸ்வொர்த் மேட்டில் வண்டி ஏறும்போது
பின் இருக்கையில் நீ,
முன் இருக்கையில் ஒரு பட்டர்நட் பூசணி.
இரண்டுக்கும் பெல்ட் போட்டிருந்தேன்.

வேகவைத்தேன், மசித்தேன், சல்லடையில் தேய்த்தேன்.
கார் கதவுக்கு அடிக்கும் பெயிண்டைக்கூட
பட்டறையில் நான் இத்தனை முறை வடிகட்டியதில்லை.
முதல் கரண்டி.
உன் நாக்கு அதை உதடுவரை வந்து பார்த்து
அப்படியே வெளியே அனுப்பியது,
கடன் கேட்டு வந்தவனை அனுப்புவது போல
மரியாதையாக.

இரண்டாம் நாள் அவகாடோ.
மூன்றாம் நாள் மீலி மாவுக் கஞ்சி,
உப்பில்லை, சர்க்கரையில்லை,
கட்டியும் இல்லை, சத்தியமாக.
நான்காம் நாள் மின்வெட்டு.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
"ஆ" சொல்லக் கற்றுத்தந்தேன்.
என் வாயில் டார்ச்,
உன் வாயில் பிடிவாதம்.

இரவு பத்து மணிக்கு வார்டிலிருந்து கேட்பாள்:
"என்ன சாப்பிட்டாள்?"
நான் பொய் சொல்வதில்லை.
சுவர் இரண்டு கரண்டி சாப்பிட்டது.
என் தாடி ஒரு கரண்டி.
உன் காதுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பு,
நாற்காலியின் திருகாணி,
எல்லாரும் பசியாறினார்கள்.
நீயோ,
நகக்கண்ணில் அழுக்கு சேருமே, அவ்வளவு.

ஞாயிற்றுக்கிழமை காலை.
ஜன்னல் ஓரம் உனக்கென்று வைத்த ஒரே வாழைப்பழம்.
கருமுகக் குரங்கு ஒன்று
கம்பிக்குள் கை விட்டு எடுத்தது.
துடைப்பத்துக்குப் பாய்ந்தேன்.
அது ஓடவில்லை.
வெளித்திட்டில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே,
தோலை உரித்துத் தின்றது.
வயிற்றில் தொங்கிய குட்டி
அதன் வாயிலிருந்தே ஒரு துண்டைப் பிடுங்கியது.
அங்கே யாரும் கரண்டியை விமானமாக்கவில்லை.
யாரும் கெஞ்சவில்லை.

நீ பார்த்தாய்.
உன் தாடை அசைந்தது.
வெறும் காற்றை மென்றாய்.

துடைப்பத்தை மெல்லக் கீழே வைத்தேன்.
நாற்காலியைக் குரங்குக்கு எதிரே திருப்பி
பீட்ரூட் மசியலைக் கிண்ணத்தோடு முன்னால் தள்ளினேன்.
கரண்டி இல்லை.
உன் கை உள்ளே போனது, மணிக்கட்டு வரை.
பிறகு வாய்க்கு.
ஒரு முறை குமட்டினாய்.
முகம் கன்றி, கண் நிறைந்து,
சத்தமே வராத அந்த மூன்று விநாடியில்
எந்தெந்தக் கோவிலுக்கு எத்தனை காவடி நேர்ந்தேன் என்று
இப்போது வெளியே சொன்னால் சம்பளம் போதாது.
நீயே விழுங்கினாய்.
மறுபடி கை உள்ளே.
குரங்கு தோலை என் கார் மேல் எறிந்துவிட்டுப் போனது.

திங்கள், விடிகாலை ஐந்தரை.
டயப்பரைத் திறந்தேன்.
சிவப்பு.
ஒரு கையில் உன் இரு கால்கள்,
மறு கையில் போன்.
"ரத்தம், கெரிஷா, ரத்தம்!"
எதிர்முனை அமைதியானது.
பிறகு நோயாளியின் வீட்டாரிடம் பேசும் குரலில்
"நேற்று என்ன கொடுத்தாய்?" என்றாள்.
சொன்னேன்.

அவள் சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கட்டிலில் யாரோ விழித்து இருமினார்கள்.
யாரிடமோ ஜூலுவில் சொன்னாள், அவளும் சிரித்தாள்.
அதன்பின் குரல் இறங்கி,
"உள்ளே போயிருக்கிறது," என்றாள்,
"நிஜமாகவே போயிருக்கிறது."
மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

உன்னைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
என் விரலை இழுத்து வாயில் வைத்தாய்.
கீழ் ஈறில்
அரிசி முனை அளவுக்கு ஏதோ கடினம்.
கடித்தாய்.

வேலை முடிந்து வரும்போது
ஒரு கட்டு பீட்ரூட் வாங்கினேன்.
வாழைப்பழம் இரண்டு.
இரண்டாவது யாருக்கென்று
கெரிஷாவிடம் சொல்லவில்லை.